ஓடுகிற புரோகிராமில் ஸ்டாக் எடுக்கும்போது சறுக்குகிற இடங்கள்

புரோகிராம் இந்த நொடியில் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது, அதை எது அழைத்தது என்ற வரிசைதான் ஸ்டாக். சோழிங்கநல்லூரில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு சர்வர் ஹேங் ஆனது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஓடுகிற பிராசஸில் ஜிடிபி (gdb) என்ற டீபக்கரை அட்டாச் செய்துவிட்டு, டீ குடிக்கக் கீழே போய்விட்டான். அட்டாச் ஆனதும் எல்லா த்ரெட்டும் (பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) நின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. திரும்பி வருவதற்குள் ஹெல்த் செக் தோற்று, சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. பார்க்க வேண்டிய ஸ்டாக்கும் போச்சு.

ஜிடிபிதான் வேண்டுமென்றால் பேட்ச் மோடில் (கொடுத்த கட்டளைகளை முடித்துவிட்டு வெளியேறும் முறை) ஓட்டுங்கள். எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கையும் எழுதிவிட்டு அதுவே விலகிவிடும். ஸ்டாக்கை மட்டும் எடுக்கும் கருவிகளான ஜிஸ்டாக் (gstack), இயூ-ஸ்டாக் (eu-stack) இரண்டும்கூட பிராசஸை நிறுத்தித்தான் படிக்கின்றன, ஆனால் கொஞ்ச நேரம்தான். ஜிகோர் (gcore) என்ற கருவியோ மெமரி முழுவதையும் டிஸ்கில் எழுதி முடிக்கும்வரை பிராசஸ் நின்றே கிடக்கும். பெரிய சர்வரில் யோசித்துத் தொடுங்கள்.

சரி, ஸ்டாக் கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். டைடல் பார்க் சிக்னலை ஒரே ஒரு போட்டோ எடுத்தால், வண்டிகள் சிவப்பு விளக்குக்காக நிற்கின்றனவா, ஜாமில் மாட்டியிருக்கின்றனவா என்று எப்படித் தெரியும்? சில நொடி இடைவெளியில் மூன்று நான்கு எடுங்கள்.

என்னை அதிகம் படுத்தியது வேறு. கிராஷ் ஆனால் ஸ்டாக்கை அச்சிட, சிக்னல் ஹேண்ட்லருக்குள் (கிராஷ் போன்ற நேரத்தில் ஓடும் ஃபங்ஷன்) லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் (glibc) பேக்டிரேஸ் ஃபங்ஷனை அழைப்பார்கள். முதல் அழைப்பில் அது லிப்ஜிசிசி (libgcc) என்ற லைப்ரரியை லோட் செய்யும்; அதற்கு மெமரி ஒதுக்கும் மாலக் (malloc) தேவைப்படலாம். கிராஷ் ஆன த்ரெட் மாலக்கின் லாக்கைப் பிடித்தபடியே விழுந்திருந்தால்? ஹேண்ட்லரும் அங்கேயே தொங்கும். செத்திருக்க வேண்டிய பிராசஸ் சாகாமல் கிடக்கும். அதனால் புரோகிராம் தொடங்கும்போதே ஒருமுறை சும்மா அழைத்துவிடுங்கள். முகவரிகளைப் பெயர்களாக மாற்றும் பேக்டிரேஸ்-சிம்பல்ஸ் எப்போதும் மாலக் செய்யும். ஹேண்ட்லரில் அதன் எஃப்டி வடிவம் (backtrace_symbols_fd) போதும், நேராக ஃபைலில் எழுதிவிடும்.

எங்கே நேரம் போகிறது என்று அளக்கும் லினக்ஸ் கருவியான பெர்ஃப் (perf) தரும் ஸ்டாக் பாதியில் அறுந்திருந்தால் பெர்ஃபைத் திட்டாதீர்கள். இயல்பாக அது ஃபிரேம் பாயிண்டரை (ஒவ்வொரு ஃபங்ஷனின் ஸ்டாக் பகுதியையும் அதை அழைத்ததோடு இணைக்கும் குறி) பிடித்துத்தான் ஏறுகிறது. ஆப்டிமைஸ் செய்யும் கம்பைலரோ அதைத் தூக்கிவிடுகிறது. டீபக் தகவலை வைத்து ஏறும் டுவார்ஃப் (DWARF) முறைக்கு மாறலாம், ஆனால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் இயல்பாக 8,192 பைட் வரை ஸ்டாக் நகலாகும், ஃபைல் ஊதிப்போகும். உபுண்டு 24.04 தன் பேக்கேஜ்களை ஃபிரேம் பாயிண்டரோடுதான் பில்ட் செய்கிறது. உங்கள் பில்டிலும் வைத்துக்கொள்வதே மேல்.

அப்புறம், ஸ்டாக்கில் இருப்பவை திரும்பி வரும் முகவரிகள். அழைத்த வரிக்கு அடுத்த வரியைக் காட்டிவிடலாம். ஜிடிபி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். முகவரியை வரி எண்ணாக மாற்றும் ஆடர்-டு-லைனுக்கு (addr2line) நீங்களே கொடுப்பதானால், முதலில் முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்.