கார் பேட்டரி படுத்துவிட்டால்: ஜம்பர் கேபிளும் அந்த நான்காவது கிளிப்பும்

வைகாசி மாதம், விடிகாலை நாலரை மணி. பழனியில் ஏழரைக்கு முகூர்த்தம். கோவையில் எங்கள் அப்பார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் பட்டுப்புடவையும் வேட்டியுமாகக் குடும்பமே காரில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சாவியைத் திருகினேன். டக். இன்னொரு முறை. டக் டக் டக். டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைந்தன. முந்தாநாள் பின்சீட்டில் பென்சில் தேடிய மகன் மேல்விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மேல்வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரை இறக்கி, இரண்டு கார் பேட்டரிகளையும் இணைக்கும் ஜம்பர் கேபிளை மாட்டி எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டோம். கடைசி கிளிப்பை வைக்கும்போது சுரீரென்று ஒரு பொறி பறந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரம் மெக்கானிக் அண்ணனிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னபோது அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "கடைசி கிளிப்ப எங்க சார் கொடுத்தீங்க?" என்று கேட்டார். பேட்டரி மைனஸில்தான் என்றேன். ஒன்றும் சொல்லாமல் முழங்கைக்குக் கீழே இருந்த வெள்ளைத் தழும்பைக் காட்டினார்.

அவரிடம் கற்றதும் அப்புறம் நானே தேடிப் படித்ததும் சேர்த்துத்தான் இது. காரில் பெட்ரோல் போடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், பேட்டரிதானா என்று பாருங்கள்

செல்ஃப் எடுக்கவில்லை என்றாலே பேட்டரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கியர் 'பி'யில் இருக்கிறதா, மேனுவல் என்றால் கிளட்சை முழுசாக மிதித்தீர்களா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் கார்களில் சாவிக்குள் இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்திருந்தாலும் கார் அசையாது. பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் போதும்.

இப்போது ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருகுங்கள். விளக்கு மங்கி, 'டக் டக் டக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால், அல்லது ஹாரன் ஜலதோஷம் பிடித்தமாதிரி ஒலித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. விளக்கு பிரகாசமாகவே இருந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாராக இருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள், அது பாவம்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வையுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 12 வோல்ட்டில் என்ன பயம்?

தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். அதனாலேயே அலட்சியம் வருகிறது. ஆனால் செல்ஃப் எடுக்கும்போது சின்ன பெட்ரோல் கார்கூட 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தக் கரண்ட் நம் உடம்பு வழியாகப் போகாது, இரும்பு வழியாகவும் தங்கம் வழியாகவும் தாராளமாகப் போகும். விரலில் மோதிரத்தோடு ஸ்பேனரைப் பிடித்து, அது பிளஸ் டெர்மினலையும் பாடியையும் ஒன்றாகத் தொட்டால், மோதிரம் கண் இமைப்பதற்குள் பழுக்கக் காய்ந்துவிடும். கழற்றவும் முடியாது. எனவே பானட்டைத் திறக்கும் முன் மோதிரம், வாட்ச், வளையல், குனிந்தால் தொங்கும் சங்கிலி எல்லாம் பாக்கெட்டுக்குள் போகட்டும்.

அடுத்தது ஆசிட். உள்ளே இருப்பது நீர்த்த கந்தக அமிலம். அன்று நான் கட்டியிருந்த வேட்டி பேட்டரிமேல் உரசியிருக்கிறது, அப்போது ஒன்றுமே தெரியவில்லை, துவைத்துக் காயப்போட்ட பிறகு பார்த்தால் மிளகு அளவில் நாலைந்து ஓட்டைகள். அதுவே கண்ணில் பட்டிருந்தால்? சாதாரண பிளாஸ்டிக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் டிக்கியில் கிடக்கட்டும். கண்ணில் பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரை 15, 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகு நேராக ஆஸ்பத்திரி. கசக்கக் கூடாது, யாராவது சோடா மாவு போடச் சொன்னாலும் கேட்கக் கூடாது.

மூன்றாவதுதான் அண்ணனின் தழும்பு. நம் காரில் இருக்கும் லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் கொண்ட) பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பேட்டரி தலையருகே அது தேங்கியிருக்கும்போது ஒரு பொறி விழுந்தால் டப்பா வெடித்து ஆசிட்டும் பிளாஸ்டிக் துண்டும் குனிந்திருப்பவர் முகத்தில்தான் வந்து விழும். பக்கத்தில் நின்று பீடி பிடிப்பவரை, மரியாதையாகவோ மரியாதை இல்லாமலோ, அப்பால் அனுப்பிவிடுங்கள்.

கேபிளைத் தொடவே கூடாத நேரங்கள்

பேட்டரி வயிறு உப்பியிருந்தால், விரிசல் விட்டிருந்தால், ஈரமாக ஒழுகியிருந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பானட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் வாசனையோ, சிஎன்ஜி கார் என்றால் கேஸ் வாசனையோ வந்தாலும் அப்படியே.

லாரி டிரைவர் அண்ணன்கள் உதவிக்கு உடனே நிறுத்துவார்கள், ஆனால் பெரும்பாலான லாரி, பஸ்களில் இருப்பது 24 வோல்ட். நம் காருக்கு அதைக் கொடுத்தால் எலெக்ட்ரானிக்ஸ் கருகிவிடும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களிலிருந்தும் எடுக்காதீர்கள், அந்தக் காரின் கையேடு சரி என்று சொன்னால் மட்டும்தான்.

கேபிள் எப்படி இருக்க வேண்டும்

ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது பார்க்கத் தடியாக இருக்கும், வெட்டிப் பார்த்தால் எல்லாம் ரப்பர், நடுவில் நூல் மாதிரி கம்பி. செல்ஃப் அடித்ததும் சூடாகி இளகும். தாமிரக் கம்பியாக, சாதாரண பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 என்று கேட்டு வாங்குங்கள். நீளம் இரண்டரை, மூன்று மீட்டர் இருந்தால் நல்லது. பவர் பேங்க் மாதிரி வரும் ஜம்ப் ஸ்டார்ட்டரும் நல்ல பொருள்தான், ஆனால் அது லித்தியம். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, இப்போது மாட்டலாம்

இரண்டு கார்களையும் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள், ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் ஹேண்ட்பிரேக், கியர் நியூட்ரல் அல்லது 'பி', இன்ஜின் ஆஃப். ஏசி, விளக்கு, பாட்டு, போன் சார்ஜர் எல்லாம் ஆஃப்.

பிளஸ், மைனஸ் குறியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்பு யாரோ கையில் கிடைத்த ஒயரைப் போட்டிருக்கலாம். இருட்டாக இருந்தால் மொபைல் டார்ச் போதும், தீக்குச்சி வேண்டாம். மாற்றி மாட்டினால் குறைந்தபட்சம் மெயின் ஃப்யூஸ் போகும், இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடும் சேர்ந்து போகலாம், இன்ஜினின் மூளையும் போனால் பில்லைப் பார்த்து நமக்கு நெஞ்சு வலிக்கும்.

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை: படுத்த காரின் பிளஸ்.
2. சிவப்பின் மறுமுனை: உதவிக்கு வந்த காரின் பிளஸ்.
3. கறுப்பின் ஒரு முனை: உதவிக்கு வந்த காரின் மைனஸ்.
4. கறுப்பின் மறுமுனை: படுத்த காரின் பேட்டரியில் இல்லை. அதன் இன்ஜினில் பெயின்ட் இல்லாத தடித்த இரும்பு போல்ட்டில், பேட்டரியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி.

எங்கே மாட்டினாலும் கடைசி கிளிப்பில் பொறி வரும், ஏனென்றால் அப்போதுதான் சுற்று முழுமையாகிறது. பேட்டரி மைனஸ் காரின் பாடியோடும் இன்ஜினோடும் ஏற்கனவே இணைந்திருப்பதால் போல்ட்டில் கொடுத்தாலும் கரண்ட் போய்ச் சேர்ந்துவிடும், பொறி மட்டும் ஹைட்ரஜன் தேங்கிய இடத்தில் விழாது. சில கார்களில் இதற்கென்றே தனி எர்த் முனை வைத்திருப்பார்கள், கையேட்டில் இருக்கும். ஃபேன், பெல்ட், பெட்ரோல் பைப் பக்கம் வேண்டாம். மாட்டி முடிக்கும்வரை, கையில் இருக்கும் கிளிப் எதையும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு வந்த காரை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் படுத்த காரில் சாவியைத் திருகுங்கள். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் அரை நிமிடம் ஓய்வு கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் கிளிப்பைக் கொஞ்சம் அசைத்துப் பிடிக்க வைத்து, இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள். மூன்று நான்கு முயற்சிக்குப் பிறகும் இல்லை என்றால் கேபிளைக் கழற்றிவிடலாம், கோளாறு வேறு எங்கோ.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் கழற்றுவது மாட்டியதற்கு நேர் தலைகீழ்: 4, 3, 2, 1. இங்கேதான் எல்லோருக்கும் அவசரம் வரும்.

அடித்தளப் பார்க்கிங், மூடிய ஷெட் என்றால் இதையெல்லாம் காற்றோட்டத்தில் செய்யுங்கள். இரண்டு இன்ஜின் ஓடும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், வாசனைகூட வராது. தலைசுற்றினாலோ தலைவலி வந்தாலோ உடனே மேலே ஏறி வெளியே வாருங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் முதலில் கேட்டது இதைத்தான், "தள்ளி விடட்டுமா சார்?" அடித்தளத்திலிருந்து மேலேறும் சரிவில் எங்கே தள்ளுவது! அம்பாசிடர் காலத்தில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியே எழுப்பினார்கள், அந்தக் காலம் போய்விட்டது. மேனுவல் கியர் காரை, சமதளத்தில், போக்குவரத்து இல்லாத இடத்தில், சாவியை ஆன் செய்து இரண்டாவது கியரில் தள்ளலாம். இன்ஜின் ஓடாதவரை ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல் மாதிரி இருக்கும், அதை நினைவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதல் வேலை பேட்டரி இல்லை. எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப்பக்கம் போங்கள், எச்சரிக்கை முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம்.

ஓடத் தொடங்கிய பிறகு

உடனே அணைத்துவிடாதீர்கள். அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், நின்ற இடத்தில் உறும விடுவதில் பெரிய பயன் இல்லை. அன்று பொள்ளாச்சியில் டீக்கு நிறுத்தியபோது இன்ஜினை அணைக்கப் பயந்து மாமனாரைக் காரிலேயே உட்கார வைத்து, கண்ணாடி வழியாக டம்ளரை நீட்டினோம். மறுநாளும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் அது வெறும் மறந்துபோன விளக்கு அல்ல. இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12லேயே நின்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சிலர் இதைச் சோதிக்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் காட்டுவார்கள். இன்றைய கார்களில் அதற்கு அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள், அப்போது எகிறும் வோல்டேஜ் எலெக்ட்ரானிக்ஸை எரித்துவிடும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றுங்கள், மாட்டும்போது பிளஸ் முதலில். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு போகும், அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிகளுக்குள் இறங்கக் கூடாது. தண்ணீர் விடும் வகைப் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், சமையலறை ஆர்ஓ தண்ணீர் வேண்டாம், ஆசிட் ஊற்றவே வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்குப் பேட்டரி மூன்று நான்கு வருடம் உழைத்தால் அது நியாயமான ஆயுள். மாற்றும்போது பழையதை இரும்புக் கடையில் போடாமல் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், அதற்கான விலையையும் கழித்துக்கொள்வார்கள். உள்ளே இருப்பது ஈயம், சாக்கடையில் ஆசிட்டைக் கொட்டி உடைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே பகலில் செய்யலாம். பானட்டைத் திறந்து உங்கள் காரில் அந்த நான்காவது கிளிப் எங்கே பிடிக்கும் என்று தேடிக் கண்டுபிடியுங்கள். புதுக் கார்களில் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடியிருப்பதால் இருட்டில் சுலபத்தில் கிடைக்காது. எனக்கே பத்து நிமிடம் ஆயிற்று. கிடைத்த போல்ட்டுக்குப் பக்கத்தில் மனைவியின் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.