ரோமியோ ஜூலியட் சாவுக்கு யார் பொறுப்பு? விடைத்தாளில் சறுக்கும் இடங்கள்

ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு இந்தக் கேள்வி என்றாவது ஒரு தேர்வில் வந்தே தீரும். பெரும்பாலான விடைகள் முதல் பத்தியிலேயே விதியின் தலையில் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. ஷேக்ஸ்பியரே முன்னுரையில் கிரகங்களை இழுக்கிறார், உண்மைதான். ரோமியோவும் விதி தன்னைக் கோமாளியாக்கிவிட்டது என்று புலம்புகிறான். ஆனால் எப்போது? ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் குத்திக் கொன்ற கையோடு. கொலை செய்தவன் வாயிலிருந்து வரும் சாக்கை நாடகத்தின் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள்.

ஜூலியட்டின் அப்பா காப்யுலெட்டை ஆரம்பத்திலிருந்தே கொடுங்கோலனாகக் காட்டுவதும் சரியல்ல. பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வரும்போது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதமும் வேண்டும் என்கிறவர் அவர். விருந்தில் பகைக் குடும்பத்து ரோமியோவைக் கண்டு கொதிக்கும் டிபால்ட்டை அதட்டி அடக்குகிறவரும் அவரே. மூன்றாம் அங்கத்தில்தான் மகளைப் பார்த்துத் தெருவில் கிடந்து சாகச் சொல்கிறார். நடுவில் அவரை மாற்றியது எது என்று எழுதினால்தான் அது விடை.

பலர் கண்ணில் படாத ஒரு நுணுக்கமும் இவர் கணக்கில்தான் வரும். பாரிஸுடன் ஜூலியட்டின் கல்யாணம் முதலில் வியாழக்கிழமைக்குக் குறிக்கப்படுகிறது. புதன் இரவு மருந்து குடி, நாற்பத்திரண்டு மணி நேரம் பிணம்போல் கிடப்பாய் என்பது, காதலர்களுக்கு ரகசியமாக மணம் முடித்துவைத்த துறவி லாரன்ஸ் இந்தக் கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஜூலியட்டுக்குச் சொல்லும் திட்டம். செவ்வாயன்று ஜூலியட் வந்து மன்னிப்புக் கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை; கல்யாணத்தைப் புதனுக்கே இழுத்துவிடுகிறார். கோபத்தில் செய்ததைவிட சந்தோஷத்தில் செய்தது பெரிய நாசம். இந்தத் திட்டத்தைச் சொல்லும் கடிதம், நாடு கடத்தப்பட்ட ரோமியோ இருக்கும் மாந்துவா நகருக்குப் போய்ச் சேர இருந்த அவகாசத்தில் முழுசாக ஒரு நாள் போனது.

கடிதம் என்றதும் அதைக் கொண்டுபோக முடியாமல் பிளேக் பயத்தில் அடைத்துவைக்கப்பட்ட துறவி ஜானைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். நாடு கடத்தப்படும் ரோமியோவிடம், உன் வேலைக்காரன் மூலம் அவ்வப்போது சேதி அனுப்புகிறேன் என்றுதான் லாரன்ஸ் வாக்குக் கொடுக்கிறார். மறுநாளே அதை மறந்தவர்போல் ஜானிடம் கடிதத்தைக் கொடுக்கிறார். அந்த வேலைக்காரன் பால்தசாரோ, ஜூலியட்டின் சாவுச் சேதியோடு தடையில்லாமல் மாந்துவா போய்ச் சேர்கிறான். கடைசியில் கல்லறையில் காவலர் சத்தம் கேட்டதும் ஜூலியட்டைத் தனியே விட்டு லாரன்ஸ் ஓடுகிறார். அவர் நல்லெண்ணத்தைப் பாராட்டி நாலு வரி எழுதுகிறவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

‘பெற்றோர் பேச்சைக் கேட்காததால் வந்த வினை’ என்ற வாதம் ஆர்தர் புரூக்கினுடையது. ஷேக்ஸ்பியர் கதையை எடுத்துக்கொண்ட 1562ஆம் ஆண்டுக் கவிதையின் முன்னுரையில் அவர் காதலர்களைத்தான் திட்டுகிறார். அவருடைய ஜூலியட்டுக்குப் பதினாறு வயது. ஷேக்ஸ்பியர் அதைப் பதினாலுகூட நிரம்பாத வயதாகக் குறைத்தார். குறைத்த பிறகு அந்தப் பழைய திட்டு அவளுக்குப் பொருந்துமா? ரோமியோவுக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். பாரிஸையும் கொன்றுவிட்டுத்தான் அவன் விஷம் குடிக்கிறான்.

வெரோனாவின் இளவரசரை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இனித் தெருவில் சண்டை போட்டால் உயிர் போகும் என்று முதல் காட்சியில் மிரட்டுகிறவர், டிபால்ட் செத்ததும் ரோமியோவை நாடு கடத்துவதோடு நிறுத்திக்கொள்கிறார். கருணைதான். ஆனால் அவனை மாந்துவாவுக்குத் துரத்தியதால்தான் கடிதமே தேவைப்பட்டது. பகையைக் கண்டும் காணாமல் இருந்ததற்காக உறவினர் இருவரை இழந்தேன் என்று கடைசியில் அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த இருவர், டிபால்ட் கையால் செத்த ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் பாரிஸும்.