டா நாங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

தீபாவளி விடுமுறைக்கு வியட்நாமின் டா நாங் போகலாமா என்று ஒவ்வோர் ஆவணியிலும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போதே பெரும்பாலும் விமான டிக்கெட் எடுத்தாகியிருக்கும். விசா, பணமாற்று போன்றவற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு.

ஐப்பசியில் போவது

"நவம்பரில் மழை விட்டுவிடும்" என்று முகவர்கள் சொல்வது தெற்கே ஹோ சி மின் நகரத்துக்குப் பொருந்தும். நடுக்கரையில் இருக்கும் டா நாங்கில் அக்டோபரும் நவம்பரும்தான் மழை கொட்டும் மாதங்கள். சென்னைக்காரர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். மேற்கே நிற்கும் ட்ருவோங் சோன் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை லாவோஸ் பக்கமே இறக்கிவிடுகிறது. ஆண்டுக் கடைசியில் கடல்மேல் வரும் வடகிழக்குக் காற்று அதே மலையில் மோதி, கரையோரம் முழுவதையும் நனைக்கிறது. புயல்களும் அந்தச் சமயத்தில்தான் வருகின்றன. ஆக, இங்கே அடைமழை பெய்யும் அதே வாரங்களில் அங்கேயும் அடைமழை.

எனக்குத் தெரிந்த கோவைக் குடும்பம் ஒன்று முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் போனது. அறைகள் மலிவாகக் கிடைத்தன என்று அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த மாதத்தில் ஏன் மலிவு என்று ஒருவரும் கேட்கவில்லை. போய் இறங்கியபோது து போன் ஆறு பெருகி ஹோய் ஆன் பழைய நகரத்தின் தெருக்களில் படகு ஓடிக்கொண்டிருந்தது. சாம் தீவுக்கு விசைப்படகு கிடையாது. கடற்கரையில் சிவப்புக் கொடி. பா நா மலையில் மூடுபனி. தங்கப் பாலத்தைத் தாங்கும் அந்தப் பெரிய கைகள்கூடக் கண்ணில் படவில்லை. மீ சோன் சிவாலயத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்த பாட்டி அறையிலேயே உட்கார்ந்திருந்தார். பணம் திரும்பவில்லை. பருவம் தெரிந்தும் முகவர்கள் இதைப் பாட்டியிடம் விற்றார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி பிற்பாதியிலிருந்து மே வரை போங்கள். நம் பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். தெத் புத்தாண்டு வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கடைகள் பலவும் மூடியிருக்கும். பவளப்பாறை பார்க்க ஏப்ரலுக்குப் பிறகு கடல் தெளிவாக இருக்கும். ஜூன், ஜூலையிலும் மழை குறைவுதான், ஆனால் வெயில் வாட்டிவிடும்.

அருங்காட்சியகத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

மீ சோனில் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற சம்பா மன்னன் (சம்பா, சாம் மக்கள் அந்தக் கரையில் ஆண்ட பழைய நாடு) சிவனுக்குக் கோயில் எடுத்தான். அதன்பின் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை அங்கே செங்கல் கோயில்கள் எழுந்தன. 1969இல் அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் மிகச் சிறந்த கோபுரம் தரைமட்டமானது. எஞ்சிய கருவறைகளில் பல வெறுமையாக இருக்கின்றன. நேராக அங்கே போகிறவர்கள் இடிந்த செங்கல் என்று சலித்துத் திரும்புகிறார்கள்.

அங்கிருந்த சிறந்த சிற்பங்கள் டா நாங் நகரிலேயே, 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் உள்ளன. முதல் நாள் காலையை அதற்குக் கொடுங்கள். மலைக்குகையில் தவம் செய்யும் முனிவர்களும் குழல் ஊதுபவரும் செதுக்கப்பட்ட மீ சோன் பீடத்தின் முன் நின்று பாருங்கள். அடுத்த நாள் விடியற்காலையில் மீ சோன் போனால், வெற்றுக் கருவறைக்குள் எது இருந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சோன் ட்ரா குரங்குகளுக்குத் தீனி போடுவது

டா நாங்கை ஒட்டிய சோன் ட்ரா தீபகற்பத்தில் குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். அங்குள்ள செங்கால் டூக் குரங்குகள் இலை தின்பவை, அற்றுப்போகும் நிலையில் இருப்பவை. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்ப்பதே அழகு.

டிராகன் பாலத்துக்கு எந்த இரவும் போகலாம் என்பது

டிராகன் வடிவில் கட்டிய அந்தப் பாலம் நெருப்பு கக்குவது வார இறுதி இரவு ஒன்பது மணிக்கு.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பது

இந்தியாவில் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 சர்வதேச சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தினுடையதை. கடைக்காரர் கேட்கமாட்டார், சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். ஹாய் வான் கணவாய்க்கு ஓட்டுநரோடு கார் எடுங்கள். வளைவுகளில் கடலைப் பார்க்கவும் முடியும்.