மிலிட்டரி நர்ஸ் வேலை: குமரிப் பிள்ளைகள் கோட்டைவிடும் இடங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் நர்சிங் படித்தவர்களுக்கும் குறைவில்லை, பட்டாளத்துக்காரர்களுக்கும் குறைவில்லை. இரண்டையும் சேர்த்து ஆசைப்படும் பிள்ளைகள் பலர் பரீட்சை வரைக்கும்கூடப் போவதில்லை. தகுதி இருந்தும் தப்பான வாசலில் போய் நிற்கிறார்கள். இல்லையென்றால் ஒரு எழுத்துப் பிழைக்காகத் திரும்பி வருகிறார்கள். அதுதான் மனதை அறுக்கிறது.

ஊரில் 'மிலிட்டரி நர்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு வேலைகளை. மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் அதிகாரிப் பணி, பெண்களுக்கு மட்டும், லெப்டினன்ட் பதவியில் தொடக்கம். நர்சிங் அசிஸ்டென்ட் என்பது ஆண்களுக்கான சிப்பாய் பணி. பிளஸ் டூ மதிப்பெண்தான் தகுதி. வயது 17½ முதல் 23 வரை. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் பையனுக்குப் படிப்பு முடியும்போது 22 ஆகிவிடும். கையில் மிஞ்சுவது ஒரே ஒரு ஆள்சேர்ப்பு, சில வேளை அதுவும் இல்லை. போக நினைப்பவர் பிளஸ் டூ முடித்த கையோடு முயல வேண்டும். வயது தாண்டிவிட்டால் எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற துணை ராணுவப் படைகளின் ஸ்டாஃப் நர்ஸ் அறிவிப்புகளைப் பாருங்கள். அவற்றில் ஆண்களும் விண்ணப்பிக்கலாம்.

நர்சிங் அசிஸ்டென்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியலும் விலங்கியலும்), ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். மொத்தம் 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 40. நம் போர்டில் 35 எடுத்தாலே பாஸ் என்பதால், இயற்பியலில் 38 வாங்கியவன் தகுதி இருப்பதாகவே நினைத்து விண்ணப்பித்துவிடுகிறான். தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்தவர்களுக்கும் இந்த வாசல் இல்லை. அங்கே இயற்பியலும் வேதியியலும் கிடையாதே.

பெண்களுக்கு இரண்டு வழி. பிளஸ் டூவுக்குப் பிறகு, புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட ஆறு ராணுவ நர்சிங் கல்லூரிகளில் நான்கு ஆண்டு பி.எஸ்சி.; மொத்தம் 220 இடம். இதற்கு நீட் எழுதினால் மட்டும் போதாது. ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் கவுன்சிலிங்கில் தானாக வரும் என்று இருந்து ஆண்டுதோறும் பலர் ஏமாறுகிறார்கள். பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே, ரெகுலர் மாணவியாகத் தேறியிருக்க வேண்டும்.

இன்னொரு வழி, படிப்பை முடித்தபின் குறுகிய காலப் பணி. 2023 அறிவிப்பில் வயது 21 முதல் 35. பி.எஸ்சி., போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., எம்.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்குத்தான் அது. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்கள் அதற்கு மேல் போஸ்ட் பேசிக் பட்டப்படிப்பையும் முடித்துவிட்டுத்தான் வர முடியும். அறிவிப்பு வந்தபிறகு மாநில நர்சிங் கவுன்சில் பதிவுக்கு ஓடினால் கடைசித் தேதிக்குள் கைக்கு வராது. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் படித்தவர்கள் கேரள கவுன்சிலில் பதிந்திருப்பார்கள். அதில் தவறில்லை. நர்ஸ், மிட்வைஃப் இரண்டு பதிவும் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய பெரிய சிக்கல்: பெயர். அப்பா பெயரின் முதலெழுத்தும் அம்மா பெயரின் முதலெழுத்தும் சேர்த்து இரண்டு இனிஷியல் போடுவது இங்கே வழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'ஜெனிஷா எஸ்.எஸ்.', ஆதாரில் 'ஜெனிஷா செல்வராஜ்', எல்லைக்கு அப்பால் வாங்கிய நர்சிங் சான்றிதழில் 'எஸ். ஜெனிஷா'. வீட்டில் இது ஒரே பிள்ளை. சான்றிதழ் சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி எல்லாமே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். அதை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் திருத்தப் போனால் பள்ளிக்கும் தேர்வுத் துறைக்கும் நடந்தே வருடம் போகும். ஆதாரில் பெயர் மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு என்பதால், மையத்தில் ஒப்புகைச் சீட்டு தந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே படித்தோம் என்பதை வைத்து ஆள்சேர்ப்பு மண்டலம் தீர்மானமாவதில்லை. சொந்த ஊர் எது என்பதே கணக்கு. தமிழ்நாடு சென்னை மண்டலத்தில், கேரளம் பெங்களூரு மண்டலத்தில் இருக்கிறது. விளவங்கோடு தாலுகாப் பையன் பிளஸ் டூவைத் திருவனந்தபுரத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டுக்காரனாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தாசில்தார் தரும் புகைப்படத்துடன் கூடிய பிறப்பிடச் சான்று அதற்குத்தான். நன்னடத்தைச் சான்றும் திருமணமாகாதவர் சான்றும் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். போன வருட முகாமுக்கு வாங்கியதை மறுபடி கொண்டுபோகாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன் என்பவரிடம் ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திரும்பி வராது.

உடற்தகுதியில் திருப்பி அனுப்பும் காரணங்கள் பலவும் முன்கூட்டியே வீட்டில் கண்டுபிடிக்கக்கூடியவை. காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் பதித்துப் பாருங்கள். உள்வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு மேற்கொண்டு செலவழியுங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் தாற்காலிகத் தகுதியின்மை எழுதுவார்கள். ஒரு வாரம் முன்பே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய் எடுத்துவிடலாம். பற்களை எண்ணிப் புள்ளி போடுவார்கள், குறைந்தது 14 வேண்டும். சொத்தையை அடைத்துக்கொண்டு போங்கள். பச்சை குத்தியிருந்தால் முன்கையின் உட்புறமும் புறங்கையும் மட்டுமே அனுமதி. தோளில் குத்தியது ஏற்கப்படாது.

தகுதியில்லை என்று எழுதினாலும் மேல் பரிசோதனை கேட்க உரிமை உண்டு. எந்த ராணுவ மருத்துவமனை, எத்தனை நாளுக்குள் என்பது கையில் தரும் சீட்டிலேயே இருக்கும். திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனை பக்கம்தானே என்று அங்கே போய் நிற்காதீர்கள். சீட்டில் சென்னை என்றிருந்தால் அன்று இரவு ரயிலுக்கே டிக்கெட் எடுங்கள். நாள் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடும்.