வலது கையில் மாவுக்கட்டு: இடது கையை எழுதப் பழக்குவது எப்படி

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தால் பெரும்பாலும் ஆறு வாரம் மாவுக்கட்டு. அதுவரை எழுத்து வேலையெல்லாம் இடது கையின் பொறுப்பு. அதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு எழுத்தை எங்கே தொடங்குவது, எந்தப் பக்கம் வளைப்பது, எவ்வளவு இடம் விடுவது எல்லாம் மூளையில் பதிந்திருக்கிறது. அது இரண்டு கைக்கும் பொது. கரும்பலகையில் தோளை அசைத்துப் பெரிதாக எழுதினாலும் நோட்டில் விரலால் சின்னதாக எழுதினாலும் கையெழுத்தின் சாயல் மாறாதது இதனால்தான். இடது கையிடம் இல்லாதது விரல் நுணுக்கம். ஆகவே, விரலுக்கு வேலையே இல்லாத அளவில் தொடங்கி, எழுத்தைப் படிப்படியாகச் சிறிதாக்குவதுதான் சரியான வழி. நேராக நோட்டில் உட்காருகிறவர்கள்தான் நாலாம் நாள் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

முதல் நாலைந்து நாள் பேனாவே வேண்டாம். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டுங்கள், அல்லது வெள்ளைப் பலகை, மார்க்கர். நின்றுகொண்டு, மணிக்கட்டை அசைக்காமல், தோளும் முழங்கையும் மட்டும் அசைய, 10 செ.மீ. உயரத்துக்கு எழுதுங்கள். முதலில் கோடு அதிகமுள்ள ட, ப, ம, ய. அடுத்து க, த, ச, வ. சுழி உள்ள அ, ஒ, ழ, ள, ண கடைசியில். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் எழுதினால் கை களைத்து, தப்பான அசைவுதான் படியும்.

அடுத்த கட்டத்துக்கு ஒரு நல்ல உபாயம் இருக்கிறது. நீங்களே வலது கையால் முன்பு எழுதிய ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் 200 சதவீதம் பெரிதாக்கி எடுங்கள். அதன்மேல் இடது கையால் பென்சில் ஓட்டுங்கள். மூளைக்குத் தெரிந்த வடிவம் அதுதான் என்பதால், அச்சடித்த எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தைவிட இது கைக்குச் சுலபமாக வரும். ஒரு வாரம் கழித்து 150 சதவீதப் பிரதி, அதன்பின் இரட்டைக் கோடு நோட்டு.

தாளை வைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். தாள் தொப்புளுக்கு நேரே இல்லாமல் சற்று இடப்பக்கம் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி சுமார் 30 டிகிரி திருப்புங்கள். கை எப்போதும் வரிக்குக் கீழே. வரிக்கு மேலே கையை வளைத்துக் கொக்கிபோல் எழுதினால் மணிக்கட்டு வலிக்கும், எழுதியதும் அழியும். பென்சிலை முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடித்தால் எழுதுவது கண்ணுக்குத் தெரியும். இடமிருந்து வலம் போகும்போது வலது கை பேனாவை இழுக்கிறது, இடது கை தள்ளுகிறது. அதனால் நிப் உள்ள மைப்பேனா தாளைக் கிழிக்கும், ஜெல் பேனா இழுகும். 2பி பென்சிலில் தொடங்கி, வழுக்கி ஓடும் பால்பாயின்ட் பேனாவுக்கு மாறுங்கள்.

எங்கே கெடும்? முதலில் பிடி. நகம் வெளுத்து, அடுத்த பக்கத்தில் தடம் விழுந்தால் இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். பென்சிலில் ரப்பர் பேண்டைச் சுற்றித் தடிமனாக்குங்கள், எழுத்தின் அளவையும் ஒரு படி பெரிதாக்குங்கள். அடுத்தது சுழி. மூன்று சுழி ண-வில் ஒரு சுழி அமுங்கி ன-வாகத் தெரியும். அவசரப்பட்டு எழுத்தைச் சிறிதாக்கியதுதான் காரணம். மூன்றாவது, எழுத்து திரும்பிக்கொள்வது. வலது கைக்கு உடலை விட்டு விலகும் அசைவு இடமிருந்து வலம். இடது கைக்கு அது வலமிருந்து இடம். கை தன் போக்கில் போனால் 3, 7 போன்ற இலக்கங்களும் ெ, ே கொம்புகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பும். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுதினால் இது நிற்கும்.

காசோலையில் மட்டும் இடது கையால் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியிலுள்ள மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பிவிடும். கையெழுத்துப் போட முடியாத நிலையில் இருப்பவர்களிடம் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வாங்கிக்கொள்ள ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கிளையில் கேளுங்கள்.

இன்னொரு பயனைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இடது கைக்குக் கொடுக்கும் பலப் பயிற்சி, கட்டுக்குள் இருக்கும் வலது கைக்கும் போய்ச் சேரும். 1894-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்கிரிப்சரின் குழுவினர் ஒரு கையை மட்டும் பழக்கி, மறு கையும் பலம் பெறுவதை அளந்து காட்டினார்கள். பிற்கால ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், பழகாத கை பெறும் பலம் சராசரியாக 8 முதல் 12 சதவீதம். அந்தக் கையில் தசை பருப்பதில்லை. தசையை ஏவும் நரம்புக் கட்டளைதான் கூர்மையாகிறது. கனடாவில் மணிக்கட்டு முறிந்த, 50 வயது தாண்டிய பெண்களிடம் இதைச் செய்து பார்த்தபோது, நல்ல கையைப் பழக்கியவர்களுக்கு 12-ஆவது வாரத்தில் முறிந்த கையின் பிடிபலம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

செய்முறை: இடது கையில் ஹேண்ட் கிரிப்பர் (உள்ளங்கையில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவி). அழுத்தி, 3 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 8 முறை ஒரு சுற்று; 3 சுற்று; நடுவில் 2 நிமிட ஓய்வு; வாரத்தில் 3 நாள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாக 30 முறை அழுத்த முடிகிற பஞ்சுப் பந்தால் மறு கைக்கு ஒன்றும் போகாது. அடுத்து, முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மடக்கி உயர்த்தி, 4 விநாடி எடுத்து மெதுவாக இறக்குங்கள். இறக்கும் வேலைதான் அதிகம் பலன் தரும். மூச்சைப் பிடிக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வலது கையால் எதையும் அழுத்த வேண்டாம். வெளியே தெரியும் விரல்களை மருத்துவர் சொன்னபடி மடக்கி நீட்டினால் போதும். விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கட்டுப் பிரித்ததும் இடது கைப் பயிற்சியை நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு மாதம் தொடருங்கள். வலது கை எழுத்தையும் சுவர்த் தாளில் 10 செ.மீ. அளவிலேயே மறுபடி தொடங்குங்கள். இந்த முறை நோட்டுக்கு இறங்க ஒரு வாரம்கூட ஆகாது.