எழுதிய கையொப்பமா, வரைந்த கையொப்பமா? விளையாட்டு கார்டுகளில் போலியைக் கண்டறியும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூரை ஒட்டிய கடலோர ஊர்களில் பிள்ளைகள் கால்பந்தோடுதான் வளர்கிறார்கள். அங்குள்ள நண்பர் ஒருவர், மரடோனாவின் கையொப்பம் இட்ட கார்டு ஒன்றை, அதாவது வீரரின் படம் அச்சிட்டு ரசிகர்கள் சேகரிக்கும் அட்டை ஒன்றை, இணையத்தில் வாங்கி, மிகுந்த மகிழ்ச்சியோடு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் 2021 என்று அச்சாகியிருந்தது. மரடோனாவோ 2020 நவம்பர் 25 அன்றே காலமாகிவிட்டார். நண்பரின் முகம் வாடியதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே முதலில் கார்டின் அச்சு ஆண்டையும் வீரரின் மறைவு ஆண்டையும் ஒப்பிடுங்கள். பழைய காகிதத்திலிருந்து வெட்டிய கையொப்பத்தை நிறுவனங்களே புதிய கார்டுக்குள் பதித்து வெளியிடுவதுண்டு. அது ஜன்னல் போன்ற திறப்புக்குள் தனித் துண்டாகத் தெரியும். கார்டின் மேற்பரப்பில் நேரடியாக இட்ட கையொப்பத்துக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

அடுத்து, எழுதிய பேனாவைக் கவனியுங்கள். பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். கையொப்பமிடப் பலரும் பயன்படுத்தும் ஷார்பி என்ற மார்க்கர் பேனா வந்தது 1964இல். 1941இல் மறைந்த பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் கையொப்பம் மார்க்கரில் இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை. ஆனால் 1930இல் சிகரெட் பெட்டியோடு வெளியான, கிரிக்கெட் வீரர் பிராட்மனின் கார்டில் மார்க்கர் கையொப்பம் இருப்பதாலேயே அது போலி என்று தள்ளிவிட முடியாது. அவர் 2001 வரை வாழ்ந்தவர், பழைய கார்டில் பிற்காலத்தில் கையொப்பமிட்டிருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு லென்ஸ் வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள் கல் பதிக்கும்போது கண்ணருகே பிடிக்கும் லென்ஸைப் போன்ற, பத்து மடங்கு பெரிதாக்கும் ஒன்று போதும். கோடு நுண்ணிய வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சு. அப்படி அச்சிடுவது ஏமாற்று அல்ல. கார்டின் அலங்காரமாகவே நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. அதைக் கையால் இட்டது என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. மை கோட்டின் ஓரங்களில் திரண்டு நடுவில் வெளிறியிருந்தால், ரப்பர் முத்திரையோ என்று ஐயப்படலாம்.

இனி வருவதே இந்தக் கலையின் உயிர்நாடி. ஆயிரக்கணக்கான முறை கையொப்பமிட்ட வீரரின் கை யோசிக்காமல் ஓடும். பேனா தாளைத் தொடும்முன்பே கை அசையத் தொடங்கிவிடுவதால் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெலிந்து கூராகும். போலி செய்பவரோ மாதிரியைப் பார்த்துப் பார்த்து எழுத்தை வரைகிறார். அவருடைய பேனா ஊர்ந்து செல்வதால் கோட்டின் முனைகள் மழுங்கும். வளைவுகளில் நடுக்கம் தெரியும். தயங்கி நின்ற இடங்களில் மார்க்கர் மை குளம்போலத் தேங்கும். ஒரே இழுப்பில் முடிய வேண்டிய சுழியில் பேனாவை எடுத்து மறுபடி வைத்த ஒட்டு தெரியும். எழுத்தின் வடிவத்தை எவரும் பழகிவிடலாம், வேகத்தைப் பழகுவதுதான் கடினம். வடிவத்தில் மனம் மயங்காதிருக்க, கார்டைத் தலைகீழாகத் திருப்பி, கோடுகளாக மட்டும் பாருங்கள் என்று தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதுண்டு. முதுமையாலும் நோயாலும் உண்மையான கையெழுத்தும் நடுங்கும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அதே வீரர் அதே காலகட்டத்தில் இட்ட நான்கைந்து உறுதியான கையொப்பங்களோடு ஒப்பிடுவது அடுத்த படி. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மியும் பிசகாமல் பொருந்தும் இரண்டு கையொப்பங்கள் நம்பிக்கைக்கு மாறாக ஐயத்தையே தர வேண்டும். பேனாவைப் பிடித்து ஒரே கையொப்பத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் இயந்திரம், முத்திரை, அச்சு போன்றவற்றில்தான் பெரும்பாலும் அப்படிப் பொருந்தும்.

கையொப்பம் உண்மையானது என்று கூறும் சான்றிதழைக் கடைசியாகப் பாருங்கள். 1990களில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் பிடிபட்ட கும்பல், போலிக் கையொப்பங்களோடு போலிச் சான்றிதழ்களையும் சேர்த்தே விற்றிருந்தது. கையொப்பங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். எண் சரியாக இருப்பதோடு நின்றுவிடாமல், அங்கே படம் இருந்தால் உங்கள் கார்டோடு ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணை வேறொரு கார்டில் ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

பணம் அனுப்பும்முன், கார்டை டார்ச் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்து ஒரு காணொளி எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். பளபளப்பான கார்டில் பேனா மை தனிப் படலமாக ஒளிர்வதும் அச்சு மை அட்டையோடு கலந்து கிடப்பதும் அதில் புலப்படும். அதற்கு அவர் மறுத்தால் நான் அந்தக் கார்டை வாங்குவதில்லை.