தலைப்பை வெட்டும் முன் புள்ளியைப் பாருங்கள்

படமே வைக்காமல், தலைப்பின் எழுத்தை மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக நிரப்பி சினிமா போஸ்டர் செய்கிறீர்களா? எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்பது தனி அழகுதான். ஆனால் தமிழில் எங்கே வெட்டுகிறோம் என்பது ரொம்ப முக்கியம். மேலே வெட்டினால் புள்ளி போய்விடும். 'கல்', 'கல' ஆகிவிடும். இடப்பக்கம் வெட்டினால் கொம்பு போய் 'கொடி', 'காடி' ஆகிவிடும். கடைசி எழுத்தில் துணைக்கால் இல்லையென்றால் வலது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம், நான் அப்படித்தான் செய்வேன்.

தலைப்பு இரண்டு வரியா? மேல்வரி 'சு', 'பு' கீழே இறங்கி, கீழ்வரி 'கி'யின் கொக்கியில் இடிக்கும். டிசைன் மென்பொருளில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக மாற்றி, ஒவ்வொன்றையும் கையாலேயே நகர்த்துங்கள்.

அப்புறம், போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கி, தலைப்பு தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.